அயர்லாந்து இங்கிலாந்தா? ஐரிஷ் மக்கள் யார்?

"என் தங்கைக்கு அயர்லாந்தில் லிமெரிக் என்ற ஊரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அயர்லாந்து இங்கிலாந்துக்குள்தானே இருக்கிறது? அங்கே இருப்பவர்களும் ஆங்கிலேயர்கள்தானே? அந்த மக்களைப் பற்றி அவள் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில், இல்லை. விமானம் ஏறுவதற்கு முன்பே தங்கை இதை மனதில் பதிய வைத்துக்கொள்ளட்டும். "நீங்கள் ஆங்கிலேயர்தானே?" என்று ஓர் ஐரிஷ்காரரிடம் கேட்டால் அவர் சண்டைக்கு வர மாட்டார், சிரித்த முகத்தோடுதான் திருத்துவார். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்திருக்கும். அது ஏன் தைக்கிறது என்று புரிந்துவிட்டால் அந்த மக்களைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. நான் மேற்குக் கரையில் கால்வே நகரில் ஒன்பது வருடம் இருந்தவன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனுக்கு மேற்கே, இடையில் கடல் கிடக்க, தனியாக இருக்கும் தீவு அயர்லாந்து. பரப்பு சுமார் 84,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் 32 கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள். அவற்றில் 26 சேர்ந்தது அயர்லாந்துக் குடியரசு, தலைநகர் டப்ளின். வடகிழக்கு மூலையில் உள்ள 6 கவுண்டிகள் வட அயர்லாந்து என்ற பெயரில் பிரிட்டனோடு இருக்கின்றன. அங்கே பெரிய நகரம் பெல்ஃபாஸ்ட். லிமெரிக் குடியரசில் இருக்கிறது. ஆக, தங்கை சம்பளம் வாங்கப்போவது யூரோவில். வேலை அனுமதி தருவது டப்ளின் அரசு. அந்த நாடு 1949-இல் குடியரசாகி காமன்வெல்த்தை விட்டு வெளியேறிவிட்டது. 1973 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. பிரதமரை அங்கே 'டீஷக்' என்பார்கள். குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே இன்று சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. காரில் போய்க்கொண்டே இருப்பீர்கள், வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறியிருக்கும். எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலம் ஒரு கிண்ணம் போல. ஓரங்களில் மலை, நடுவில் ஏரியும் ஆறும் சதுப்பும் நிறைந்த தாழ்ந்த சமவெளி. அந்தச் சமவெளி வழியாக ஓடும் ஷானன்தான் தீவிலேயே நீளமான ஆறு, சுமார் 360 கிலோமீட்டர். லிமெரிக் அதன் கரையில், கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வைக்கிங் கடலோடிகள் அமைத்த பழைய ஊர் அது. பனி பெரிதாக விழாது, வெயிலும் சுடாது. மழை மட்டும் ஓயாது. மேற்கில் சில இடங்களில் வருடத்துக்கு 225 நாள் வரை மழை நாள்கள்தான். குடை விரிக்கவும் முடியாமல் சும்மா நிற்கவும் முடியாமல் பொடித் தூறல் விழும் நாளை 'சாஃப்ட் டே' என்பார்கள், அதாவது மிருதுவான நாள். குடையை நம்பாமல் தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மேற்குக் காற்றில் குடை ஒரு வாரம் தாங்காது. கிராமப்புறத்தில் மாலையில் ஒரு புகை வாசம் வரும். சதுப்பில் பல்லாயிரம் வருடமாக மட்கிப் படிந்த கருப்பு மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி, வெயிலில் உலர்த்தி, கணப்பில் எரிப்பார்கள். அதற்கு 'டர்ஃப்' என்று பெயர். அந்த வாசம் ஒரு தடவை மனதில் ஏறிவிட்டால் இறங்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். ஓர் எண்ணைப் பாருங்கள். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அயர்லாந்துத் தீவில் இருந்தவர்கள் சுமார் 82 லட்சம் பேர். இன்று? குடியரசில் 2022 கணக்குப்படி 51 லட்சத்துக்கு மேல், வட அயர்லாந்தில் 2021 கணக்குப்படி 19 லட்சம். இரண்டையும் கூட்டினாலும் சுமார் 70 லட்சம்தான். உலகம் முழுவதும் ஜனத்தொகை பல மடங்கு பெருகிய இந்த 180 வருடத்தில், 1841-இல் இருந்த அளவை இன்னும் எட்டிப் பிடிக்காத நாடு இது. ஐரிஷ் மக்களின் பாட்டு, பேச்சு, அரசியல், வெளிநாட்டில் பஞ்சம் என்றால் அவர்கள் பையில் கை விடும் வேகம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு கிடக்கிறது.

கால்வேக்கு மேற்கே கானமாரா என்ற பாறைப் பிரதேசம் உண்டு. வெயில் சாயும் நேரத்தில் அங்கே மலைச் சரிவுகளைப் பார்த்தால் புல்லுக்கு அடியில் வரிவரியாக ஏதோ தெரியும். நம் ஊரில் கிழங்குக்குப் பார் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். அவை உருளைக்கிழங்குப் பார்கள். 1840-களில் மண்வெட்டியால் கிளறிப் போட்டவை, அதற்குப் பிறகு யாரும் தொடாதவை. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது, நிழல் சாயும்போதுதான் எழுந்து வரும். எனக்கு அதை முதலில் காட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். விரலால் சுட்டிக் காட்டிவிட்டு, "அந்தப் பாருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் திரும்பி வரவில்லை" என்று மட்டும் சொன்னார்.

நடந்தது இது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேய அரசு, ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பறித்து இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தவர்களுக்குக் கொடுத்தது. வடக்கில் அல்ஸ்டர் மாகாணத்தில் 1609 முதல் நடந்த குடியேற்றம் அதில் பெரியது. வந்தவர்கள் புராட்டஸ்டன்ட், மண்ணின் மக்கள் கத்தோலிக்கர். பிறகு கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கக் கூடாது, பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது, 5 பவுண்டுக்கு மேல் விலையுள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது பெரும்பாலான ஐரிஷ் குடும்பங்கள் தங்கள் முன்னோர் நிலத்திலேயே குத்தகைக்காரர்கள். விளைந்த கோதுமையும் ஓட்ஸும் வளர்த்த பன்றியும் குத்தகைக்குப் போய்விடும். வயிற்றுக்கு மிஞ்சியது உருளைக்கிழங்கு மட்டும். கொஞ்சம் மோசமான மண்ணிலும் ஒரு ஏக்கர் கிழங்கு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிடும். உழைக்கிற ஆள் ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ கிழங்கும் மோரும் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தான். மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு வேறு சாப்பாடே இல்லை. அதிலும் ஏழைகள் பயிரிட்டது 'லம்பர்' என்ற ஒரே ரகம்.

1845-இல் கருகல் நோய் வந்தது. நீலகிரி உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு இன்றும் தெரிந்த அதே பின்கருகல் நோய்தான். இலை கருத்து, மண்ணுக்குள் கிழங்கு அழுகிக் கூழாகிவிடும். முதல் வருடம் விளைச்சலில் ஒரு பகுதி போனது. 1846-இல் கிட்டத்தட்ட எல்லாமே போனது. 1847-இல் நோய் குறைவு. ஆனால் விதைக்கிழங்கையே தின்று தீர்த்திருந்ததால் நடுவதற்குக் கிழங்கு இல்லை. 1848-இல் நோய் மறுபடி வந்தது. 1852-க்குள் பசியிலும் காய்ச்சலிலும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவுக்கும் மேலாகக் கப்பலேறிப் போனார்கள். ஐரிஷ் மொழியில் இதற்கு 'ஆன் கோர்ட்டா மோர்' என்று பெயர். பெரும் பசி என்று அர்த்தம்.

நோய் இயற்கையானது. பசியை அப்படிச் சொல்லிவிட முடியாது. இதில் நான் ஒளித்துப் பேச விரும்பவில்லை. கிழங்கு அழுகிய 1846-லும் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் மாடுகளும் காவலோடு இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது என்பது லண்டனின் கொள்கை. சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று, எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கல் உடைக்கவும் சாலை போடவும் வைத்தார்கள். 1847 வசந்தத்தில் அந்த வேலையில் இருந்தவர்கள் 7 லட்சம் பேர். எங்கும் போய்ச் சேராமல் மலையில் பாதியில் நிற்கும் அந்தச் சாலைகளை இன்றும் பார்க்கலாம். அந்தக் கோடையில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். நாளுக்கு 30 லட்சம் பேர் வரை குடித்தார்கள். அதாவது, மனது வைத்தால் முடிந்தது. ஆனால் சில மாதங்களில் அதையும் மூடிவிட்டு, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கஞ்சிக்காக இருந்த துண்டு நிலத்தையும் விட்டுக்கொடுத்தார்கள் ஜனங்கள். குடிசையின் கூரையைப் பிரித்துப் போட்டு வெளியேற்றினார்கள் நிலச்சுவான்தார்கள்.

லண்டன் கருவூலத்தில் இந்த நிவாரணப் பணத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். இது கடவுளின் சித்தம் என்று நம்பி எழுதியவர். அயர்லாந்தில் இன்றும் ரக்பி மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும் ஒரு பாட்டில் அவர் பெயர் வரும். அதே ட்ரெவெல்யன் 1859-இல் சென்னை மாகாண கவர்னராக வந்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கை உண்டாக்கியவர் அவர்தான். இந்தியாவில் வருமான வரி போடக் கூடாது என்று மேலிடத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். சென்னையில் நல்ல பெயர், கால்வேயில் சாபம், ஒரே மனிதர். இதை முதலில் படித்தபோது எனக்கு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

போனவர்கள் கதை தனி. 1847-இல் கனடாவுக்குப் போன கப்பல்களை 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே சொல்கிறார்கள். கியூபெக் அருகே கிராஸ் ஈல் என்ற தீவில் மட்டும் அந்த வருடம் 5,000-க்கு மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள். பஞ்சம் முடிந்த பிறகும் போவது நிற்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு நிலம், மற்றவர்களுக்குக் கப்பல் என்றாகிவிட்டது. மகனோ மகளோ அமெரிக்காவுக்குக் கிளம்பும் முதல் நாள் இரவு, செத்த வீட்டில் கண்விழிப்பது போல உறவெல்லாம் கூடி விடியும்வரை கண்விழிப்பார்கள். அதன் பெயரே 'அமெரிக்கன் வேக்'. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு அம்மா ஒப்பாரி வைப்பாள், ஏனென்றால் இனி பார்க்கப் போவதில்லை. அமெரிக்காவில் இன்று 3 கோடிக்கு மேற்பட்டவர்கள் தங்களை ஐரிஷ் வம்சாவளி என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்றால் அதன் தொடக்கம் இந்த இரவுகள்.

1847-இல், தாங்களே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டிருந்த சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினர் பணம் திரட்டி அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். கார்க் கவுண்டியில் மிடில்டன் என்ற ஊரில், எஃகால் செய்த ஒன்பது பெரிய இறகுகள் வட்டமாக நிற்கின்றன. அந்த உதவிக்கு 2017-இல் திறந்துவைத்த நன்றிச் சின்னம் அது. 2020-இல் கோவிட் காலத்தில் அமெரிக்காவில் நவஹோ, ஹோப்பி பழங்குடியினருக்கு நிதி திரட்டியபோது ஐரிஷ்காரர்கள் கொட்டிக் கொடுத்தார்கள். 173 வருடத்துக் கடன் என்று அவர்களே எழுதினார்கள்.

பஞ்சம் இன்னொன்றையும் கொண்டுபோனது. அது மொழி. அயர்லாந்துக்குச் சொந்த மொழி உண்டு. அது ஆங்கிலத்தின் வட்டார வழக்கு கிடையாது. ஐரிஷ், அவர்கள் சொல்வதில் 'கேல்கெ', கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கேலிக் அதற்குத் தங்கை. பஞ்சத்துக்கு முன் மக்களில் பாதிப் பேர் வரை அதைப் பேசினார்கள். செத்தவர்களும் போனவர்களும் பெரும்பாலும் மேற்கின் ஏழைகள், அதாவது ஐரிஷ் பேசியவர்கள். 1851 கணக்கில் மிச்சம் சுமார் 15 லட்சம். பிழைக்க வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே முடிவெடுத்தார்கள். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, ஐரிஷில் பேசும் ஒவ்வொரு தடவைக்கும் அதில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டை எண்ணி அடி. வீட்டில் அப்பா வெட்டுவார், பள்ளியில் வாத்தியார் அடிப்பார். தன் மொழியைத் தன் பிள்ளையிடமிருந்து பிடுங்கும்படி ஒரு தகப்பனை ஆக்கிய வறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நாடு விடுதலையானதும் ஐரிஷை முதல் ஆட்சிமொழி ஆக்கினார்கள்; பள்ளியில் எல்லாரும் படிக்கிறார்கள். 2022 கணக்கில் 18 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசத் தெரியும் என்றார்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் சுமார் 72,000 பேர்தான். அவர்களில் பலர் மேற்குக் கரையில் 'கேல்டக்ட்' என்ற பகுதிகளில் இருக்கிறார்கள். தங்கை தெருப் பலகைகளில் மேலே சாய்ந்த எழுத்தில் ஐரிஷையும் கீழே ஆங்கிலத்தையும் பார்ப்பாள். பேருந்து நெற்றியில் 'ஆன் லார்' என்று இருந்தால் அது ஊர்ப் பெயர் அல்ல, நகரின் மையம் என்று அர்த்தம். ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்: சில கழிப்பறைக் கதவுகளில் ஐரிஷ் மட்டும்தான் இருக்கும். 'எம்' எழுத்தில் தொடங்கும் 'ம்னா' பெண்களுக்கு, 'எஃப்' எழுத்தில் தொடங்கும் 'ஃபிர்' ஆண்களுக்கு. ஆங்கில நினைப்பில் போனால் மாறிப்போய்விடும்.

நான் இரண்டு குளிர்காலம் மாலை வகுப்பில் ஐரிஷ் படித்தேன். வகுப்பில் இருந்த மற்ற வெளிநாட்டுக்காரர்கள் திணறிய இடங்களில் எனக்குத் தமிழ் கை கொடுத்தது. ஐரிஷில் 'எனக்கு உண்டு' என்று சொல்லத் தனி வினை கிடையாது. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்று நாம் சொல்வது போலத்தான் அவர்களும் சொல்கிறார்கள். ஆமாம், இல்லை என்பதற்கும் தனிச் சொல் கிடையாது. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' அல்லது 'வரவில்லை' என்று வினையாலேயே பதில். அதனால்தான் ஐரிஷ்காரர்களின் ஆங்கிலத்திலும், சாப்பிட்டாயா என்றால் 'யெஸ்' என்று நிறுத்தாமல் 'ஐ டிட்' என்பார்கள். பசி, துக்கம், வெட்கம் எல்லாம் அவர்கள் மொழியில் ஆளின் மேல் வந்து உட்காரும்: 'பசி என்மேல் இருக்கிறது' என்பார்கள். மன்னிப்புக் கேட்பதற்கே 'துக்கம் என்மேல் இருக்கிறது' என்றுதான் வாக்கியம். இதை வைத்து ஐரிஷும் தமிழும் உறவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இந்தோ ஐரோப்பிய மொழி; இது ஒற்றுமை மட்டும்தான், உறவில்லை.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880-இல் மேயோ கவுண்டியில் சார்லஸ் பாய்காட் என்ற பண்ணை ஏஜென்ட், குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தார். யாரும் அவரை அடிக்கவில்லை. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வடக்கிலிருந்து 50 ஆட்களைக் கொண்டுவந்து, படைக் காவல் போட்டு, சுமார் 500 பவுண்டு பெறுமானமுள்ள விளைச்சலை 10,000 பவுண்டு செலவில் அறுத்தார்கள். நவம்பர் கடைசியில் பாய்காட் ஊரை விட்டே போனார். நாம் 'பாய்காட்' என்று சொல்வது அந்த மனிதரின் பெயரைத்தான். அடுத்த இருபது முப்பது வருடத்தில் சட்டங்கள் மாறி, குத்தகைக்காரர்கள் நிலத்தை விலைக்கு வாங்கிச் சொந்தக்காரர் ஆனார்கள்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள்கிழமை. டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தைச் சில நூறு பேர் பிடித்துக் குடியரசு அறிவித்தார்கள். ஆறு நாளில் அடக்கப்பட்டார்கள். ஊர் மக்களிலேயே பலருக்கு அவர்கள்மேல் கோபம்தான் இருந்தது. ஆனால் தலைவர்களை ஒவ்வொருவராகச் சுட ஆரம்பித்ததும் காற்று திரும்பியது. காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் கட்டிச் சுட்டார்கள். அதற்குப் பிறகு நாடு பழையபடி இருக்கவில்லை. 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர். 1921 டிசம்பரில் ஒப்பந்தம். மொத்தத்தில் புராட்டஸ்டன்டுகள் அதிகமாக இருந்த ஆறு கவுண்டிகள் பிரிட்டனோடு தங்கின. அந்த ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று, தோளோடு தோள் நின்றவர்களே 1922-23-இல் ஒருவரையொருவர் சுட்டார்கள். சில குடும்பங்களில் அதைப் பற்றி இப்போதும் பேச மாட்டார்கள். தங்கை கேட்காமல் இருப்பதே நல்லது.

வடக்கில் வீடு, வேலை, வாக்கு எல்லாவற்றிலும் கத்தோலிக்கர்கள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து 1968-இல் எழுந்த போராட்டம் முப்பது வருட வன்முறையாக மாறியது. செத்தவர்கள் 3,500-க்கு மேல். 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி ஒப்பந்தத்தோடு அது பெரும்பாலும் அடங்கியது. அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று: வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்றோ பிரிட்டிஷ் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் சேர வேண்டுமா என்பதை இரு பக்க மக்களும் வாக்களித்து முடிவு செய்யலாம்.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள தொடர்பைத் தங்கை தெரிந்துவைத்திருந்தால் பேச்சுக்கு உதவும். பாரதியார் குருவாக வணங்கிய சகோதரி நிவேதிதை, டைரோன் கவுண்டியில் டங்கேனன் என்ற ஊரில் பிறந்த மார்கரெட் நோபிள். அடையாறில் 1917-இல் இந்தியப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமான மார்கரெட் கசின்ஸ், ராஸ்காமன் கவுண்டிக்காரர். அடையாறிலேயே 1954-இல் காலமானார். அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்தின் பெயரே அயர்லாந்திலிருந்து எடுத்தது. நம் அரசியல் சட்டத்தில் உள்ள வழிகாட்டு நெறிகள் 1937 ஐரிஷ் அரசியல் சட்டத்தைப் பார்த்து அமைத்தவை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையில் ஐரிஷ் சிப்பாய்கள் ஏராளம். அவர்களிலும் கானாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவினர் 1920-இல் ஜலந்தரில், தங்கள் நாட்டில் நடக்கும் கொடுமைக்கு எதிர்ப்பாகத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். ஜேம்ஸ் டேலி என்ற 20 வயதுச் சிப்பாயை அதற்காக இமாசலத்தில் டக்‌ஷாயில் சுட்டுக் கொன்றார்கள்.

லிமெரிக்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேதம் 'ஹர்லிங்'. 'ஆஷ்' என்ற மரத்தின் கட்டையால் சிறு பந்தை அடித்து ஆடும் ஆட்டம். பக்கத்துக்கு 15 பேர். பந்து தலைக்கு மேல் பறக்கிற வேகத்தைப் பார்த்தால் முதல் நாள் பயம் வரும். டப்ளினில் 82,000 பேர் உட்காரும் க்ரோக் பார்க் மைதானம் இறுதிப் போட்டிக்கு நிரம்பி வழியும். அதில் ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. வாத்தியார், விவசாயி, எலெக்ட்ரீஷியன் என்று திங்கள்கிழமை அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். தன் கவுண்டிக்கு மட்டுமே ஆடுவார்கள். லிமெரிக் அணி 2018-இல் 45 வருடத்துக்குப் பிறகு கோப்பையை வென்று, 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு தடவை வென்றது. பச்சைச் சட்டை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டால் வார்டில் பாதிப் பேர் சிநேகிதமாகிவிடுவார்கள்.

நாடு நிறைய மாறியிருக்கிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சிறுவனாக இருந்தபோது பாதிரியார் சொன்னதுதான் சட்டம். விவாகரத்துக்கே 1995-இல்தான் மக்கள் வாக்கு மூலம் வழி பிறந்தது. 2012-இல் கர்நாடகத்திலிருந்து போன 31 வயதுப் பல் மருத்துவர் ஒருவர், கருச்சிதைவு நடந்துகொண்டிருந்தபோது கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, மருத்துவமனையில் இறந்தார். அந்தச் சாவு நாட்டை உலுக்கியது. 2018 வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் சட்டத்தை மாற்றினார்கள். வாக்களித்துவிட்டு வந்தவர்கள் டப்ளினில் அவர் படம் வரைந்த சுவரில் சின்னச் சின்னத் தாள்களை ஒட்டினார்கள். அதில் நிறைய தாள்களில் இருந்தது ஒரே வார்த்தை: மன்னித்துவிடு.

பிள்ளைகளை அனுப்பியே பழகிய நாடு இப்போது பிறரை வரவேற்கிறது. 2022-இல் அங்கே வசித்தவர்களில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்தியக் குடிமக்கள் மட்டும் 45,000-க்கு மேல். மருத்துவமனைகள் நம் நர்சுகளை நம்பித்தான் ஓடுகின்றன. வாடகை வீடு கிடைப்பது பெரும் பாடு. வேலை உறுதியான அன்றே தேட ஆரம்பிக்கச் சொல்லுங்கள். 2025 கோடையில் டப்ளின் பக்கம் இந்தியர்களைத் தாக்கிய சம்பவங்கள் நடந்து, இந்தியத் தூதரகமே எச்சரிக்கை வெளியிட்டதையும் மறைக்க மாட்டேன். இரவில் தனியாக வெறிச்சோடிய தெருவில் நடக்க வேண்டாம். அதே சமயம், ஒன்பது வருடத்தில் எனக்கு அந்த ஊர் கொடுத்தது அன்பு மட்டும்தான் என்பதும் உண்மை.

இனி அன்றாடத்துக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் பால் ஊற்றிய டீ வரும், நம்மைப் போலவே டீ இல்லாமல் இயங்காதவர்கள். முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். தங்கையும் யாருக்காவது டீ கொடுக்கும்போது ஒரு தடவையோடு நிறுத்திவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சாவு. கூட வேலை பார்ப்பவரின் அப்பாவோ அம்மாவோ இறந்துவிட்டால் அறிமுகம் குறைவு என்று தயங்காமல் போகச் சொல்லுங்கள். அங்கே உள்ளூர் வானொலியில் தினமும் இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். ஊரே காது கொடுக்கும். முன்பு செத்த வீட்டில் ஒப்பாரி வைக்கவென்றே பெண்கள் இருந்தார்கள். அதற்குக் 'கீனிங்' என்று பெயர். தேவாலயம் தடுத்துத் தடுத்து அது நின்றுபோனது. உடலை வீட்டில் வைத்து இரவெல்லாம் கூட இருப்பது மட்டும் நிற்கவில்லை. குடும்பத்தினர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, 'சாரி ஃபார் யுவர் ட்ரபிள்' என்று சொன்னால் போதும், வேறு பேச்சு எதுவும் தேவையில்லை. பிறகு சமையலறைக்குக் கூட்டிப்போய் டீயும் சாண்ட்விச்சும் கொடுப்பார்கள். நான் கால்வே போன நான்காம் மாதம், எனக்கு இரண்டு தடவை மட்டும் கை அசைத்திருந்த ஒரு முதியவரின் வீட்டுக்கு அப்படிப் போனேன். அவருடைய மகள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்" என்றார். என் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. அவர் கேட்டது அதை அல்ல.